வன்னிக்கு ஊழியப் பயணம் வரும் பிள்ளைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் ஆடி, ஆவணி விடுமுறையில் கனடா, இங்கிலாந்து, நோர்வே, சுவிஸ் சபைகளில் இருந்து வாலிபர்கள் குழுவாக வன்னிக்கு வருகிறார்கள். கிளிநொச்சியில் அவர்களோடு கூடப் போவது, மொழிபெயர்ப்பது, வீட்டுச் சந்திப்புகளுக்குக் கூட்டிப் போவது எல்லாம் எங்கள் வாலிபர் ஐக்கியத்தின் பொறுப்பு. வருவதற்கு முன் எல்லோரும் வாட்ஸ்அப்பில் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் சொல்லும் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வருகிறவர்களில் பலர் என் வயதுக்காரர்கள், அதனால் கொஞ்சம் உரிமையோடுதான் எழுதுகிறேன்.

வன்னி என்று சொல்வது எந்த இடம்?

இலங்கையின் ஏ9 வீதியால் வடக்கே வரும்போது வவுனியா தாண்டி ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று ஆனையிறவு வரை கிடக்கிற பெருநிலம். கிழக்கே முல்லைத்தீவுக் கடல், மேற்கே மன்னார், பூநகரிப் பக்கம். கொழும்பில் இருந்து இரவு பஸ் ஏறினால் விடியக் கிளிநொச்சியில் இறங்கலாம். 1990இல் நின்றுபோன யாழ்தேவி, 2013 செப்டெம்பரில் திரும்பவும் கிளிநொச்சிக்கு வந்தது. எங்கள் அம்மாமார் சிலர் அன்றைக்கு ரயிலைப் பார்க்கவென்றே ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

அங்கே ஏற்கெனவே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பதிலை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

1544இல் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற 600 பேரளவில் சங்கிலி மன்னனின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்தது. அப்போது, 1687இல், கோவாவில் இருந்து யோசப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இரகசியமாகப் பூசை வைத்தார். மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தைச் சனங்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்த கதைதான் மடுத்திருத்தலத்தின் கதை. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசப் வாஸைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தார். மற்றப் பக்கத்தில் அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கியது. அதன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபையும், மெதடிஸ்ட், அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளும் இன்றைக்கு வன்னியில் இருக்கின்றன.

இது பழைய கதை. கிட்டின கதையும் இருக்கிறது. 1999 நவம்பரில் மடுக் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்தது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மாதா சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது. முதலில் ஒல்லாந்தருக்குப் பயந்து ஓடிய மாதா, இரண்டாம் தரம் சனத்தோடு சனமாக ஓடினார். 2009இல், போரின் கடைசியில், எல்லோரும் மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒடுங்கியபோது குருமாரும் போதகர்களும் சிஸ்டர்மாரும் பலர் விட்டுவிட்டுப் போகவில்லை. மே 18ஆம் திகதி வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கூடப்போன ஃபாதர் பிரான்சிஸ் யோசப் இன்றுவரை திரும்பவில்லை.

எங்கள் சபையில் முன்பக்கத்துப் பாயில் இருக்கிற அம்மாமார் பதுங்குகுழிக்குள் இருந்து 91ஆம் சங்கீதம் சொன்னவர்கள். நீங்கள் அவர்களுடைய சபைக்கு விருந்தாளியாக வருகிறீர்கள். முதல் ஞாயிறு உங்கள் குழுவில் யாரும் பிரசங்கிக்க வேண்டாம், அவர்கள் சொல்கிற சாட்சியைக் கேளுங்கள் என்று எங்கள் போதகர் ஐயா எல்லாக் குழுவுக்கும் சொல்வார். நானும் அதையே சொல்கிறேன்.

எந்த மாதம் வருவது நல்லது?

வைகாசி முதல் புரட்டாதி வரை மழை இல்லை, ஆனால் வெயிலும் கச்சான் காற்றும் புழுதியும் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. குளங்கள் வான் பாய்ந்தால் உள்ஊர் ரோட்டுகள் அறுந்துபோகும், டெங்கும் கூடும். ஆவணி (ஓகஸ்ட்) 15 மடு பெருவிழா. அந்த நாட்களில் மடுப்பக்கம் தங்க இடம் தேடாதீர்கள்.

மே மாதம் வருகிறவர்கள் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 18ஆம் திகதிக்கு முந்தைய நாட்களில் சந்திகளிலும் கோவில்களிலும் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். போரின் கடைசி நாட்களில் சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது அதைத்தான். சிரட்டையிலோ கோப்பையிலோ நீட்டினால் வாங்கிக் குடியுங்கள். முள்ளிவாய்க்கால் நினைவிடத்துக்குப் போவதென்றால் சபை ஆட்களோடு போங்கள், தனியாகக் கமராவோடு போகவேண்டாம்.

விசா எப்படி?

சுற்றுலா விசாவில் வந்து உறவினரையும் சபையையும் பார்க்கலாம், ஆராதனையில் கலந்துகொள்ளலாம். மேடை போட்டுப் பிரசங்கிப்பதோ ஊழியராக வேலை செய்வதோ அந்த விசாவுக்குள் வராது. சமயப் பணிக்கு வேறு வகை விசா இருக்கிறது, அதை இங்குள்ள திருச்சபை மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுகிறபடியால் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் பார்த்து, எங்கள் போதகரிடமும் கேட்டுவிட்டு ரிக்கெற் போடுங்கள். படிவத்தில் பொய் எழுதவேண்டாம். நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள், பிறகு வந்து விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்வது எங்கள் போதகர்.

எனக்குத் தமிழ் சரியாக வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. "சாப்பிட்டீங்களா", "எத்தனையாம் வகுப்பு", "உங்கட பேர் என்ன" இவ்வளவும் தெரிந்தால் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் மீதியைச் சொல்லித் தந்துவிடுவார்கள். பெரியவர்களை அம்மா, ஐயா, மாமி, அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். வயதானவர்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஒரு நாளில் என்ன செய்வோம்?

காலையில் விடுமுறை வேதாகமப் பள்ளி. பெரும்பாலும் ஒரு கொட்டகையில், தறப்பாள் விரித்து. ஒன்பது மணிக்கு என்று சொன்னால் ஏழரைக்கே பிள்ளைகள் வந்து நிற்கும், இடுப்பில் தம்பியையும் தூக்கிக்கொண்டு. பாட்டு, கதை, வெட்டி ஒட்டுகிற வேலை, விளையாட்டு. மத்தியானம் ஓய்வு, அந்த வெயிலில் வேறு ஒன்றும் முடியாது. பின்னேரம் வீட்டுச் சந்திப்பு, அல்லது பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு மணித்தியாலம் கதைக்க ஆள் கிடைப்பது பெரிய உதவி. இந்தப் பக்கம் ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.

சுவர் கட்டுவது, பெயின்ட் அடிப்பது பற்றி நிறையக் குழுக்கள் கேட்கின்றன. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதே சுவரை இரண்டு நாள் கூலிக்குக் கட்ட இங்கே மேசன்மார் இருக்கிறார்கள், அவர்களுடைய வீட்டில் அடுப்பு எரியும். சபைக்குச் சுவர் தேவையென்றால் அந்தக் காசைச் சபைக்குக் கொடுங்கள், சபை அவர்களைக் கூப்பிடட்டும்.

வீட்டுச் சந்திப்பில் போரைப் பற்றிக் கேட்கலாமா?

கேட்கவேண்டாம். அவர்கள் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள்.

போகிற வீடு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெரும்பாலும் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டின சின்ன வீடு, சில வீடுகளுக்கு இன்னும் பூச்சுப் பூசவில்லை. உங்களைக் கண்டதும் அம்மா பக்கத்து வீட்டில் இருந்து பிளாஸ்டிக் கதிரை வாங்கி வருவார், சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு இருக்கச் சொல்வார். பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் வரும். வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

சுவரில் படம் இருக்கும். அந்தப் படத்துக்கு மாலை போட்டிருக்கிறதா இல்லையா என்று முதலில் பாருங்கள். மாலை போட்டிருந்தால் அந்தப் பிள்ளை இறந்தது வீட்டுக்குத் தெரியும். மாலை இல்லாமல், பொட்டு இல்லாமல், சும்மா சட்டம் போட்டுத் துடைத்து வைத்திருந்தால் அந்தப் பிள்ளை காணாமல் ஆக்கப்பட்டவர். தாய் இன்னும் தேடுகிறார். கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி பிள்ளைகளைக் கேட்டுக் கொட்டில் போட்டு உட்கார்ந்த தாய்மாரில் அவரும் ஒருவராக இருக்கலாம். அந்தத் தாய்மாரில் பலர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள். அப்படியான வீட்டில் "அவருடைய ஆத்துமா இளைப்பாற ஜெபிப்போம்" என்று தொடங்கினால், அந்தத் தாய் உயிரோடு இருக்கிறான் என்று பொத்தி வைத்திருப்பவனை நீங்கள் அடக்கம் செய்கிறீர்கள். அவனுடைய பேரைக் கேளுங்கள். அந்தப் பேரைச் சொல்லி, ஆண்டவரே இந்தத் தாய்க்கு ஒரு பதில் கிடைக்கவேண்டும் என்று ஜெபியுங்கள். அதற்கு மேலே வார்த்தை வேண்டாம்.

ஆறுதல் சொல்கிறேன் என்று எல்லாவற்றையும் கிளறிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிற குழுக்களையும் கண்டிருக்கிறோம். இரவு அந்த அம்மா நித்திரையில்லாமல் இருப்பார், நீங்கள் வான் வண்டியில் பாடிக்கொண்டு போயிருப்பீர்கள். யாருக்காவது உண்மையான உதவி தேவை என்று தோன்றினால் எங்களிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நாங்கள் கூட்டிப் போவோம். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926, எந்த நேரமும் அழைக்கலாம்.

என் அப்பா அம்மாவின் ஊரே வன்னிதான். பார்க்கப் போகலாமா?

போகவே வேண்டும். அதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கி வையுங்கள்.

ரொறன்ரோவில் பிறந்த ஒரு தங்கச்சி குழுவோடு வந்தாள். அவளுடைய தகப்பன் விசுவமடுப் பக்கம். காணியைக் கண்டுபிடித்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும், கிணறும், தலையில்லாத தென்னைகளும்தான் இருந்தன. பக்கத்துக் காணியில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா கிட்ட வந்து, அவளுடைய நாடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "அப்பம்மாவின்ர முகம் அப்படியே கிடக்கு" என்றார். இவள் பேரைக்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா சைவம், நெற்றி நிறையத் திருநீறு. இவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், எந்த மூலையில் மாட்டுக்கொட்டில் இருந்தது, எந்த மரத்தில் அப்பா விழுந்து கையை முறித்தார் என்று எல்லாம் காட்டினார். கிணற்றடியில் நின்று இவள் தகப்பனுக்கு வீடியோவில் எடுத்தாள். அவர் முதலில் கேட்டது, தண்ணி இன்னும் உவர்க்கிறதா என்று. அன்று பின்னேரக் கூட்டத்தில் இவளுக்குப் பாட வரவில்லை. குழுத் தலைவர் நல்ல மனிதர், பாடச்சொல்லி வற்புறுத்தவில்லை.

அடுத்த நாள் அவள் திரும்பவும் போனாள். ஊழியம் என்று ஒன்றும் செய்யவில்லை, அந்த அம்மாவோடு இருந்து முருங்கையிலை உருவிக் கொடுத்தாள். இப்போதும் அவர்கள் இருவரும் தொலைபேசியில் கதைக்கிறார்கள். அந்த வருடம் வந்த குழு செய்ததிலே நிலைத்து நிற்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

வருவதற்கு முன் அப்பா அம்மாவிடம் குறிச்சியின் பேர், பக்கத்துக் காணிக்காரர் பேர், அருகில் இருந்த கோவில் அல்லது பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டு எழுதி வாருங்கள். இன்னொன்று. காணியில் இப்போது யாராவது இருந்தால் உறுதி, எல்லை என்ற கதையை எடுக்கவேண்டாம். வெளிநாட்டில் இருந்து ஆள் வந்தால் காணியைக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று சனம் பயப்படும். பார்க்க வந்தேன் என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சாமான், பணம் கொண்டுவந்து கொடுக்கலாமா?

ஒரு வருடம் வெளிநாட்டுக் குழு ஒன்று, கூட்டத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் பாடசாலைப் பை கொடுத்தது. நல்ல பை, நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். திங்கட்கிழமை ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகளிடம் புதுப் பை, பாதிப் பிள்ளைகளிடம் இல்லை. "பைக்குச் சமயம் மாத்திறீங்களோ?" என்று சைவப் பெற்றோர் அதிபரிடம் போய்க் கேட்டார்கள். நியாயமான கேள்வி. குழு போய்விட்டது. உள்ளூர்ப் போதகர்தான் மாதக்கணக்காக வீடு வீடாகப் போய் மனஸ்தாபத்தைத் தீர்த்தார்.

அதனால் எங்கள் முறை இது. கொப்பி, பை, சப்பாத்து எதுவானாலும் பள்ளிக்கூடத்தின் மூலம், அந்த வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும். எந்தக் கூட்டத்தோடும் அதை இணைக்கக்கூடாது. கையில் காசு கொடுக்கவேண்டாம். நுண்கடன் எடுத்து வாரக் கட்டுக்காசுக்கு ஓடுப்பட்டுத் திரிகிற பெண்கள் இங்கே நிறைய. ஒருவருக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டில் இன்னும் கஷ்டமானவர் பார்த்துக்கொண்டிருப்பார். யாருடைய கதையாவது மனதைத் தைத்தால் போதகரிடம் சொல்லுங்கள். சபையில் பெண்கள் சேர்ந்து நடத்துகிற சீட்டும் சேமிப்புக் குழுவும் இருக்கின்றன, உதவி அந்த வழியால் போகட்டும்.

அயலில் உள்ள சைவக் குடும்பங்களுக்குச் சுவிசேஷம் சொல்லலாமா?

இதில் எங்கள் வாலிபருக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. என்னுடையதைச் சொல்கிறேன்.

வன்னியில் பெரும்பான்மை சைவர்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு எங்கள் ஆட்களும் போவார்கள், மடுவுக்கு அவர்களும் நேர்த்தி வைத்து வருவார்கள். ஒரே பதுங்குகுழியில் இருந்தவர்கள், மெனிக் பாம் முகாமில் ஒரே பைப்படியில் வாளியோடு வரிசையில் நின்றவர்கள். இழந்துபோய் நிற்கிற வீட்டுக்குள் புகுந்து, உங்கள் தெய்வம் காப்பாற்றவில்லை, எங்கள் தெய்வத்திடம் வாருங்கள் என்று துண்டுப்பிரசுரம் கொடுப்பதை நான் பாவம் என்றே சொல்வேன். காப்பாற்றப்படாதவர்கள் எங்கள் பக்கமும் எவ்வளவு பேர்.

சட்டப்பக்கமும் இருக்கிறது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ஆனால் சமயத்தைப் பரப்புவது அரசியலமைப்பு உறுதி செய்த உரிமை இல்லை என்று 2003இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அடுத்த வருடம் மதமாற்றத் தடைச் சட்டமூலமும் பாராளுமன்றத்துக்கு வந்தது, நிறைவேறவில்லை.

யாராவது தானாகக் கேட்டால், "நீ ஏன் இவ்வளவு தூரம் வந்தாய்?" என்று கேட்டால், இயேசுவைப் பற்றி மனம் திறந்து சொல்லுங்கள். ஒளிக்கவேண்டியது ஒன்றும் இல்லை. நல்லாய்ப் பழகினால் கட்டாயம் கேட்பார்கள்.

படம் எடுக்கலாமா?

பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பிள்ளைகளின் முகத்தை முகநூலிலோ இன்ஸ்டகிராமிலோ போடக்கூடாது, பேரையும் ஊரையும் சேர்த்துப் போடவே கூடாது. இராணுவ முகாம், காவலரண் எடுக்கவேண்டாம். அழுகிற ஆளை எடுக்கவேண்டாம், அவர் சரி என்று சொன்னாலும்.

பாதுகாப்பு?

மிதிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடக்கிறது, பெரும்பாலான ஊர்கள் துப்புரவாகிவிட்டன. ஆனாலும் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் ஒரு அடியும் வைக்கக்கூடாது. காட்டுப்பக்கமோ தூர்ந்த கிணற்றடியோ இரும்புத் துண்டு கிடந்தால் தொடவேண்டாம். ஒன்றுக்குப் போகவென்று பற்றைக்குள் இறங்கவேண்டாம். இரவில் பாம்பு, உள்ஊர் ரோட்டில் யானை. டோர்ச் இல்லாமல் வெளியே வரவேண்டாம். மலேரியா இல்லை, 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. டெங்கு உண்டு. அவசர அம்புலன்ஸ் 1990, காசு இல்லை.

சிவில் உடுப்பில் யாராவது வந்து எங்கிருந்து வந்தீர்கள், எவ்வளவு நாள் என்று விசாரித்தால் பயப்படவேண்டாம். மரியாதையாக உண்மையைச் சொல்லி, மிச்சத்தைப் போதகரிடம் கேட்கச் சொல்லுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பெருநாட்களில் சில ஆலய வாசல்களில் பையைத் திறந்து பார்ப்பார்கள். சிரித்த முகத்தோடு திறந்து காட்டுங்கள்.

உடுப்பு, சாப்பாடு?

முழங்கால் மூடுகிற உடுப்பு, கை வைத்த மேல்சட்டை. பெந்தெகொஸ்தே சபைகளில் பெண்கள் முக்காடு போடுவார்கள், ஒரு சால்வை வைத்திருங்கள். செருப்பு வாசலோடு. சாப்பாடு புட்டு, சோறு, மீன் குழம்பு, சம்பல். உறைப்பு அதிகம் என்றால் முதல் நாளே சொல்லுங்கள், அம்மாமார் கோபிக்க மாட்டார்கள். கொதித்தாறின தண்ணீர் மட்டும். வீட்டுச் சந்திப்பில் உங்களுக்கென்று கோழி அடிக்கப் போவது தெரிந்தால் எங்களிடம் மெல்லச் சொல்லுங்கள், நாங்கள் சமாளிப்போம். அந்தக் கோழி முட்டையிட்டுத்தான் சில வீடுகளில் கொப்பி வாங்குகிறார்கள்.

இதையெல்லாம் கண்டு என் விசுவாசம் ஆட்டம் கண்டால்?

காணும். வந்தவர்களில் பலர் இரவில் எங்களிடம் அதைத்தான் கேட்பார்கள்: ஆண்டவர் அப்போது எங்கே இருந்தார்? எங்கள் போதகர் ஐயா இதற்கு விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை. புலம்பல் புத்தகத்தைத் திறந்து சத்தமாக வாசிக்கச் சொல்வார். 88ஆம் சங்கீதத்தையும் சொல்வார். அது இருளோடேயே முடிகிறது, கடைசியில் ஒரு நல்ல வசனத்தை ஒட்டிவைக்க வேண்டாம் என்பார். இங்கே உள்ள விசுவாசம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டேதான் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வருகிறது. உங்களுக்கும் அந்தக் கேள்வி வந்தால், திரும்பிப் போய்ச் சபையில் சாட்சி சொல்லும்போது அதை மறைக்காமல் சொல்லுங்கள். "அவர்கள் ஏழைகள், ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சந்தோஷமாக இருக்கிறவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு, எல்லா ஊரையும் போல.

திரும்பிப் போன பிறகு தொடர்பு வைத்திருக்கலாமா?

முடிந்தால்தான் வாக்குக் கொடுங்கள். "அடுத்த வருடம் வருவேன்" என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் அது கலண்டரில் எழுதி வைக்கும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு தனியாக வாட்ஸ்அப்பில் கதைக்கவேண்டாம், ஞாயிறு பாடசாலை ஆசிரியர் மூலம் கதையுங்கள். இது உங்கள் மேல் சந்தேகத்தால் போட்ட விதி இல்லை, எல்லோருக்கும் ஒன்றுதான். ஓ.எல். பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒருநாள் சூமில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிறீர்களென்றால் இரண்டு கையாலும் வரவேற்போம், ஆனால் பரீட்சை முடியும்வரை நிற்கவேண்டும்.

எப்படி விண்ணப்பிப்பது?

உங்கள் போதகர் எங்கள் போதகருக்குக் கடிதம் எழுதவேண்டும், வருவதற்கு நான்கு ஐந்து மாதத்துக்கு முன். குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். மிஷன் வீட்டில் அவ்வளவு பாய்தான் இருக்கிறது, வானிலும் அவ்வளவு பேர்தான் ஏறலாம். நான்கைந்து ஊருக்கு ஓடாமல் ஒரே ஊரில் நிற்கச் சம்மதம் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் அதையும் எழுதுங்கள், எங்களுடைய கிட்டாருக்குக் கம்பி மாற்றவேண்டும், இரண்டு செட் கொண்டுவந்தால் நல்லது.